நகல் எண் ஏழு

மனிதகுலத்தின் வரலாறு அன்று காலை பதினொன்று பத்துக்குத் திருத்தி எழுதப்பட்டது. அழைப்பிதழின்படி பத்தரைக்கே திருத்தியிருக்க வேண்டும். மைக் வேலை செய்யவில்லை.

"நாற்பதாயிரம் ஆண்டுகள்!" என்றார் அருங்காட்சியகத்தின் இயக்குநர். நடு மண்டபத்தில் போட்டிருந்த நூற்றிருபது நாற்காலிகளும் நிமிர்ந்து உட்கார்ந்தன. "நாற்பதாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்கடியில் வாய்மூடிக் கிடந்த பேரரசி ஒருத்தி இன்று நம்முன் வாய் திறக்கிறாள். மானுடத்தின் முதல் செங்கோல், அன்பர்களே, பொன்னால் ஆனதல்ல. வெள்ளியால் ஆனதல்ல. எலும்பால் ஆனது!"

கைதட்டல் கூரையில் முட்டித் திரும்பியது. தட்டாதவர் ஒருவர்தான். கடைசி வரிசையில், தூண் மறைக்கும் நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையோடு கோந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து இரண்டு வார்த்தைகளுக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தார். ஒன்று, 'தோல்'. இன்னொன்று, அவருடைய பெயர். இரண்டுக்கும் பதிலாகச் செங்கோல் வந்ததும், தப்பான விழாவுக்கு வந்துவிட்டோமோ என்று அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார். விழா சரிதான்.

கோந்து என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் முப்பது வருஷமாக உடைந்ததை ஒட்டுவது அவர் வேலை. பானை, பல், மண்டையோடு எல்லாம் அவர் கையில் ஒன்றுசேர்ந்தன. அவருக்கென்று ஒரு குடும்பம்தான் சேரவில்லை. வீட்டில் எப்போதும் எலும்பு வேகும் வாசனை அடித்தால் எவள் வருவாள் என்பார்கள் உறவினர்கள். இருக்கிற ஒரே சொந்தம் ஒரு தங்கை. அவளை இயக்குநருக்குக் கட்டிக்கொடுத்ததும் கோந்துதான். இயக்குநர் அப்போது இயக்குநர் இல்லை, பக்கத்து மேசைப் பையன். "நல்லவன்தாம்மா, பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று தங்கையிடம் சொல்லிவைத்தார். அந்தப் பேச்சு மாடிப்படி ஏறி இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு கோந்துவுக்கு மூன்று பெயர்கள் ஆயின: வீட்டில் 'மச்சான்', அலுவலகத்தில் 'நம்ம கோந்து', மேடையில் 'எங்கள் தொழில்நுட்பப் பிரிவு'.

மேற்படி செங்கோல் உண்மையில் ஒரு சாண்கூட இல்லாத விலா எலும்புத் துண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குகையைத் தோண்டியவர்கள் அனுப்பிவைத்தது. ஒரு முனை உடைந்திருந்தது. மறுமுனை நாக்குபோல வளைந்து, வழுவழுவென்று மின்னியது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த கோந்துவுக்கு அந்த மினுமினுப்பு எங்கேயோ பார்த்ததாகப் பட்டது. எங்கே என்பது வீட்டுக்குப் போகும் வழியில் தெரிந்தது. தெருமுனையில் தோல்பை தைக்கும் பெண், மடித்துத் தைத்த ஓரத்தை ஓர் எலும்புத் துண்டால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோந்து கைப்பேசியில் படத்தைக் காட்டினார்.

"இதுக்குப் போய் ஆராய்ச்சியா சார்? என் டப்பாவுல ரெண்டு கிடக்கு, வேணும்னா ஒண்ணு எடுத்துக்கோங்க."

ஆக, நாற்பதாயிரம் வருஷத்துக்கு முன் குளிரில் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, உரித்த தோலை இந்த எலும்பால் தேய்த்துத் தேய்த்துப் பதமாக்கியிருக்கிறார். போர்த்திக்கொள்ளவோ, குழந்தையைச் சுற்றவோ. கோந்துவுக்கு அது போதும். ஆனால் நிரூபிக்க வேண்டுமே. இறைச்சிக் கடையில் மாட்டு விலா எலும்பு வாங்கினார். வேகவைத்தார், சுரண்டினார், கல்லில் தீட்டினார். ஈரத்தோலை முழங்காலில் போட்டுத் தேய்த்தார். ஒன்றிலிருந்து ஆறு வரை சரியாக வரவில்லை. ஏழாம் நகலை நாற்பது மணி நேரம் தேய்த்தார். முப்பத்தோராவது மணியில் தோலில் ஒட்டியிருந்த மணல் ஒன்று சறுக்கி, குறுக்கே சின்னதாக ஒரு கீறல் போட்டுவிட்டது. மற்றபடி அசலையும் அதையும் பக்கத்தில் வைத்தால் நுண்ணோக்கியே குழம்பியது.

குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத் தொழிலில் ஒரு விதி உண்டு. எந்த நகலாக இருந்தாலும் உடைந்த முனையில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். அதற்கு நகப்பூச்சைவிட நல்ல சாயம் கிடையாது; தண்ணீரில் போகாது, உரசினாலும் போகாது. கோந்து பயன்படுத்தியது தங்கை கொடுத்த குப்பி.

"மச்சான், லேபிள்ல உங்க பேருதான்," என்று இயக்குநர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். கோந்து அந்த லேபிளை இருபது தடவை எழுதி அடித்திருந்தார். கடைசியில் நின்றது இரண்டு வரி: தோலைப் பதமாக்கப் பயன்பட்ட விலா எலும்புக் கருவி. பயன்பாட்டைக் கண்டறிந்தவர், இன்னார். முப்பது வருஷத்தில் அவர் பெயர் கண்ணாடிக்குப் பின்னால் ஏறப்போவது அதுவே முதல்முறை. ஓய்வு பெற இன்னும் நாலு மாதம், அதுவே கடைசியும்.

"பாருங்கள், அன்பர்களே!" மேடையில் குரல் இன்னொரு படி ஏறியது. "கைப்பிடியில் இன்றும் அழியாமல் இருக்கிறது செங்காவி! பேரரசியின் முடிசூட்டுக்காகப் பூசப்பட்ட புனிதச் சிவப்பு!"

கோந்து நிமிர்ந்தார். இரண்டு வருஷமாக அந்த எலும்பை மனப்பாடம் செய்தவர் அவர். அதில் சிவப்பே கிடையாது.

பேச்சு முடிந்து கூட்டம் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி முண்டியது. கோந்துவும் நின்றார். பீடம் அவர் செய்ததுதான். அந்த வாரம் முழுக்க அதற்கே ஓடிப்போயிருந்தது. எலும்பை அதில் வைக்கும் கௌரவத்தை மட்டும் இயக்குநர் தானே எடுத்துக்கொண்டார். ஒத்திகைக்கு என்று பத்து நாள் முன்பே அதை வீட்டுக்கும் எடுத்துப் போயிருந்தார். இயக்குநர் என்றால் விதி கொஞ்சம் வளைந்து வழிவிடும்.

பக்கத்தில் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மா, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வேதியியல் நிபுணராம், தன் உருப்பெருக்கியை மடக்கிக்கொண்டே "அற்புதமான தேய்மானம்" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். கோந்து தன் உருப்பெருக்கியை எடுத்தார். முதலில் லேபிளைத்தான் பார்த்தார். பேரரசியின் செங்கோல். ஆய்வும் விளக்கமும்: இயக்குநர். அடியில் எறும்பு எழுத்தில், பீடம்: தொழில்நுட்பப் பிரிவு.

பிறகு எலும்பைப் பார்த்தார். மினுமினுப்புக்குக் குறுக்கே சின்னதாக ஒரு கீறல். உடைந்த முனையின் நுண்துளைகளில் கடுகளவு சிவப்பு.

தான் பெற்ற பிள்ளையை வேறொருவர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வேஷத்தில் பார்த்ததுபோல இருந்தது. "டேய், நீ எங்கேடா இங்கே?" என்று வாய்விட்டே கேட்டிருப்பார், அதற்குள் பின்னாலிருந்து யாரோ "கொஞ்சம் நகருங்க சார்" என்றார்கள்.

நகர்ந்தார். அப்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

ஞாயிறு காலை தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் சாப்பாட்டுக் கேரியர். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவருடைய வேலை அறையில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, "அண்ணா, அந்த எலும்பு விஷயம் எனக்கு முழுசா சொல்லேன்" என்றாள். கோந்துவுக்கு முதலில் நாக்கே எழவில்லை. எழுந்தபிறகு ஒன்றரை மணி நேரம் நிற்கவில்லை. குகை, தோல், பை தைக்கும் பெண், மணல் கீறல் எல்லாம் சொன்னார். அவள் கொட்டாவி விடவில்லை. கைப்பேசியைப் பார்க்கவில்லை. கேள்விகூடக் கேட்டாள்.

"இதுல எதுண்ணா ரொம்ப ஒத்துப்போகுது?"

"ஏழு. சந்தேகமே இல்ல."

"இந்தச் சிவப்புப் புள்ளி இல்லேன்னா யாராலயும் கண்டுபிடிக்க முடியாதா?"

"யாரு கண்டுபிடிப்பா? நானே ஒரு நிமிஷம் முழிப்பேன்."

"அது அழியவே அழியாதோ?"

"உன் நகத்துல எப்படிப் போகுது? அதே ரிமூவர் தண்ணி, ரெண்டு சொட்டு. ஆனா ஒண்ணு, எலும்புல கண்ணுக்குத் தெரியாத துளை நிறைய இருக்கு பாரு, அதுக்குள்ள இறங்கினது..."

"அண்ணா, தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி."

கோந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடித்தாள். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்து கிளம்பிவிட்டாள். அவள் தெரு திரும்பும்வரை கோந்து வாசலிலேயே நின்றார். அன்று முழுக்க ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அதற்குமுன் அவர் பாடி யாரும் கேட்டதில்லை. துளையைப் பற்றிய மிச்சப் பாடம் மட்டும் சொல்லப்படாமல் நின்றுபோனது.

தங்கை மண்டபத்தின் பக்கத்து அறையில் இருந்தாள். விருந்தினருக்கான தேநீர்க் கோப்பைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கோந்து கதவைச் சாத்தினார்.

"அது ஏழும்மா."

"எது ஏழு? இங்க நாப்பது கோப்பை இருக்கு."

"என்கிட்ட வேணாம்."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உடைந்த நாளிலிருந்து அதைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறாள். உள்ளே பஞ்சில் மூன்று துண்டுகள் இருந்தன. நாற்பதாயிரம் வருஷம் ஒரே துண்டாக இருந்தது, இப்போது இல்லை.

"ஃபேன்," என்றாள்.

"என்ன ஃபேன்?"

"சீலிங் ஃபேன். 'செங்கோலை உயர்த்துகிறேன்'னு ஒத்திகை பாத்தாரு. கட்டில்மேல நின்னுக்கிட்டு."

"கட்டில்மேல எதுக்கு நின்னாரு?"

"கண்ணாடியில கம்பீரமா தெரியணுமாம்."

கோந்துவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "என்கிட்ட கொண்டாந்திருக்கலாமே. ராத்திரியோட ராத்திரியா ஒட்டித் தந்திருப்பேனே."

"தந்திருப்ப. தந்துட்டு எழுதியிருப்ப."

எழுதியிருப்பார்தான். கீழ்த்தளத்தில் சேதப் பதிவேடு என்று ஒன்று உண்டு. எதை ஒட்டினாலும் அதில் பொருள், சேதம், காரணம் என்று கட்டம் கட்டி எழுத வேண்டும். முன்பு ஒருமுறை வருகை தந்த அமைச்சர் திரும்பும்போது ஒரு பழைய குடுவை விழுந்து நொறுங்கியது. 'காற்று' என்று எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து ஆள் வந்தது. கோந்து எழுதினார்: காரணம், அமைச்சரின் முழங்கை. ஆள் மறுபடி வந்து கெஞ்சியபோது, விவரம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, 'இடது' என்று சேர்த்தார். அதனால்தான் முப்பது வருஷமும் கீழ்த்தளம்.

"எழுதினா அவரு வேலை போயிடும்ணா. உனக்குத் தெரியும்."

"மாப்பிள்ளைக்கு இது தெரியுமா? ஏழு விஷயம்?"

"தெரியாது. நீ ஒட்டித் தந்துட்டேன்னு சொன்னேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு, ஒட்டின கோடே தெரியலையேன்னு. 'உங்கண்ணன் கை கைதான்'னாரு. நீ எங்கயும் எழுதலேன்னதும் கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு."

"அந்தச் சிவப்பு?"

"எல்லாத்தையும் துடைச்சேன்ணா. சத்தியமா துடைச்சேன். அதுக்கப்புறமும் தெரிஞ்சுது. 'இது என்ன'ன்னு கேட்டாரு. உங்கண்ணன் சுத்தம் பண்ணும்போது வந்திருக்கும்னு சொல்லிட்டேன். மறுநாளே அது புனிதச் சிவப்பாயிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

கோந்து ஒரு கோப்பையை எடுத்தார், மறுபடி அதே இடத்தில் வைத்தார். கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

"அன்னைக்கு ஒன்றரை மணி நேரம் உக்காந்து கேட்டியே. அதெல்லாம் இதுக்குத்தானா?"

"நிஜமாத்தான் கேட்டேன்ணா."

"தெரியும். ஒரு வார்த்தை விடாம கேட்ட."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சேதப் பதிவேட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.

கதவு திறந்தது. செண்டு வாசனை முதலில் வந்தது, இயக்குநர் பின்னால் வந்தார். கழுத்தில் மாலை இன்னும் இருந்தது.

"மச்சான்! உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். எப்படி நம்ம பேச்சு?"

கோந்து சோப்பு டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "தோல் எங்க போச்சு மாப்பிள்ளை?"

"எந்தத் தோல்?"

"எலும்பு தோல் தேய்ச்சதாச்சே. லேபிள்ல என் பேரு வரும்னீங்களே."

இயக்குநர் அவர் தோளில் கைபோட்டார். "தோல் தேய்க்கிற எலும்புன்னா எவன் வருவான், சொல்லுங்க. நூத்திருபது நாற்காலி மச்சான்! ராணின்னாத்தான் கூட்டம் வரும்."

"ராணியே கிடையாது. குளிருக்கு யாரோ உக்காந்து தோல் தேச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

"தேய்க்கட்டுமே. ராணியும் ஓய்வு நேரத்துல தேய்ச்சிருப்பா. அடுத்த லேபிள்ல சேத்துடலாம்." குரலைத் தாழ்த்தினார். "ஃபேன் விஷயத்துல நீங்க பண்ணினதைச் செத்தாலும் மறக்க மாட்டேன். அதான் குடும்பம்ங்கறது. இப்ப ஒரே ஒரு சின்ன உதவி. அந்த வெள்ளை முடி அம்மா சிவப்பைப் பத்தி நோண்டிக்கிட்டிருக்கு. நீங்க மேடைக்கு வந்து, 'சுத்தம் செய்தபோது வெளிப்பட்டது'ன்னு ஒரு வரி. உங்க வாயால சொன்னா எவனும் மறுபேச்சு பேச மாட்டான். பொய்யே எழுதாத ஆளுன்னு ஊருக்கே தெரியும்."

கோந்து தங்கையைப் பார்த்தார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுத வேண்டாம்ணா. சும்மா ஒரு வரி சொல்லிட்டு வந்துடு."

மண்டபத்துக்குள் நடக்கும்போது கோந்து ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நிபுணர்கள் பார்த்தார்கள், இயக்குநரே திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேதியியல் அம்மா உருப்பெருக்கி வைத்துப் பார்த்து அற்புதம் என்றார். ஒருவருக்கும் நகல் என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக அவர் நிரூபிக்க முயன்றது இதைத்தான்: தோலைத் தேய்த்தால் இந்த மினுமினுப்பு வரும். உலகத்திலேயே ஆகப் பெரிய நிரூபணம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது, பேரரசி வேஷத்தில். வாயை மூடிக்கொண்டால் அது அப்படியே இருக்கும். திறந்தால் தங்கையின் வீடு ஆட்டம் காணும். மூடுவார் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் அவருக்கு வலித்தது. அமைச்சருக்கு வளையாத கை தங்களுக்கு வளையும் என்று, அவரைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார்கள்.

"எங்கள் தொழில்நுட்பப் பிரிவு!" என்று இயக்குநர் மைக்கில் அறிமுகப்படுத்தினார். கைதட்டினார்கள்.

வேதியியல் அம்மா முதல் வரிசையில் எழுந்து நின்றார். "ஐயா, ஒரே கேள்வி. அந்தச் சிவப்பு என்ன பொருள்? எவ்வளவு பழசு? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, போதும்."

கோந்துவுக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. மைக் உயரம் அவருக்கு எட்டவில்லை; இயக்குநர் அன்போடு வளைத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த நடை ஒன்றே ஒன்றுதான். முப்பது வருஷமாகக் கட்டத்துக்குள் எழுதிய நடை.

"பொருள்: நகல் எண் ஏழு," என்றார். "எலும்பு: மாட்டு விலா. வயது: எட்டு மாதம். சிவப்பு: நகப்பூச்சு."

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இயக்குநரின் முகத்தில் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது, ஆள் வெளியே போனபிறகும் அணைக்க மறந்த விளக்குபோல.

கோந்து சட்டைப்பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்துத் திறந்து மேசைமேல் வைத்தார். பக்கத்து அறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போலவே, கன்னத்தில் கைவைத்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொருள்: அசல். பயன்: தோல் தேய்ப்பது. சேதம்: மூன்று துண்டு. காரணம்: சீலிங் ஃபேன்."